ஊசி மாறிப்போன ஞாயிற்றுக்கிழமை

ரெக்கார்டு பிளேயர் ஊசி விற்கும் தொழிலில், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன வேண்டும் என்று தெரியாது; மீதிப் பேருக்குத் தப்பாகத் தெரியும்.

நான் பத்தொன்பது வருஷம் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பதுதான் வேலை. இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் பழைய பிளேயர்களுக்கு மாற்று ஊசி தேடிக் கொடுக்கிறேன். கம்பெனியில் தப்பு நடந்தால் ஒரு பெட்டி சரக்கு திரும்பி வரும். இங்கே தப்பு நடந்தால், யாரோ முப்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த இசைத்தட்டு வீணாகிவிடும். பி.பி. மாத்திரை ஆரம்பித்ததே கடை திறந்த பிறகுதான். கைக்குழந்தையோடு கூட்ட பஸ்ஸில் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பயம் என்னவென்று சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

செருப்பும் அட்ரஸும்

எல்லோரும் முதலில் சொல்வது பிளேயரின் பெயரை. ஊசி பிளேயரில் மாட்டுவதில்லை. தட்டுக்கு மேலே நீளும் பிளேயரின் கை, அதன் நுனியில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறதே, அதில்தான் மாட்டுகிறது. ஒரே பிளேயரில் பத்துப் பேர் பத்து விதமான கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள். செருப்பு வாங்க வந்தவர் கால் அளவைச் சொல்லாமல் வீட்டு அட்ரஸைச் சொன்னால் எப்படி இருக்கும்? தினமும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

மேடவாக்கத்திலிருந்து ஒரு ஐ.டி. தம்பி வந்தார். ஆன்லைனில் பழைய பிளேயர் வாங்கி, "வெள்ளைக் கலர் ஊசி" என்று தேடி இரண்டு தடவை வரவழைத்து, இரண்டும் பொருந்தவில்லையாம். கலரைப் பார்த்து ஊசி வாங்காதீர்கள் என்று கெஞ்சினேன். கார்ட்ரிட்ஜைக் கழற்றி எடுத்து வரச் சொல்லி, சரியானதைக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே போன். காலையில் மட்டும் ஊசி குதிக்கிறதாம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேனா? துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அவர் இருப்பது தரைத்தளம். காலையில் தண்ணி லாரி வந்து, பெட்ரூம் ஜன்னலை ஒட்டி நின்று மோட்டார் போடுகிறது. பிளேயரை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் கஷ்டம்க்கா. லாரி தாங்குற ஊசி ஏதாவது இருக்கா?"

கட்டைவிரல்

கத்தியைப் பார்ப்பது போல ஊசியையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. ஊசியின் முனை ஒரு கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதைத் தாங்குவது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு குழாய். "தொடாதீங்க" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு சார் அதை வாய்விட்டுப் படித்தார். படித்துக்கொண்டே தொட்டார். டிக் என்று ஒரு சத்தம். எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது.

வளைந்த குழாயை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். அவர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

"இவ்ளோ மெலிசா செஞ்சா எப்படிம்மா உழைக்கும்?"

காலண்டர் தாள்

தனராஜ் சாரும் அவர் மனைவி கிரேஸ் அக்காவும் சேலையூரிலிருந்து வந்தது ஒரு சனிக்கிழமை. சார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் கேன்சர் வந்து, ஏழு வருஷத்துக்கு முன் ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பேச்சு இல்லை. சட்டைப் பையில் கிழித்த தினசரி காலண்டர் தாள்கள், ஒரு பென்சில். பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார்.

அக்கா மடியில் ஒரு சின்ன தட்டு, தலையணை உறையில் சுற்றி. இவர்கள் சர்ச் பாடகர் குழு ஒரு காலத்தில் கொஞ்சமே கொஞ்சம் பிரதி போட்ட தட்டு. இரண்டாம் பக்கத்தில் தனராஜ் சார் தனியாக ஒரு சரணம் பாடியிருக்கிறார். மற்ற பிரதிகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "இவர் குரல் வேற எதுலயும் இல்லைம்மா. நாளைக்கு எங்க கல்யாண நாள். காலைல டிபன் முடிச்சதும் போட்டுக் கேக்கணும். நாலு வருஷமா ஊசி கிடைக்கலை, ஊசி கிடைக்கலைன்னே சொல்லிட்டிருக்கார்" என்றார் அக்கா.

நான் எந்த ஊசியை எடுத்தாலும் சார் ஏதாவது எழுதினார். 'இது டூப்ளிகேட்டா?' 'எடை அதிகமோ?' 'பொருந்தாது போலிருக்கிறது.' சிக்னல்காரர் இல்லையா, சந்தேகப் பிறவி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒரே ஊசியை மூன்று தடவை மைக்ராஸ்கோப்பில் வைத்து எடுத்தேன். அதற்கு நடுவில் என் பழைய வாடிக்கையாளர் அனகாபுத்தூர் சேகர் வந்து, போன வாரம் சொல்லி வைத்த ஊசியை வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் இருப்பது எல்லாம் அந்தக் கால அரக்குத் தட்டு. ஊசி ஓடும் பள்ளமான வரிகள் அகலம், அதற்குத் தடித்த ஊசி வேண்டும். சார் தட்டில் வரிகள் மெல்லியவை, அதற்கு மெல்லிய ஊசி. இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பிடியில் வரும். கடைசியில் சார் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒரே தட்டும்மா. கீறல் விழுந்தா இவர் மறுபடி பாட முடியாது."

அப்பளம்

ஞாயிறு காலை கடையைத் திறந்து விளக்குக்குச் சுவிட்ச் போடும்போதே போன். சேகர். போன பெருவெள்ளத்தில் பரணில் ஏற்றிக் காப்பாற்றிய தட்டுகளைச் சொந்தப் பிள்ளைகள் போலப் பார்ப்பவர்; எடுத்த எடுப்பில் சத்தம் போட்டார்.

"இன்னாக்கா ஊசி குட்துக்கீற? பாட்டு கேக்கல, வூடு முச்சூடும் அப்பளம் பொரியற சத்தமா கீது!"

சேலையூர் வரை

தடித்த ஊசி போட வேண்டிய தட்டில் மெல்லிய ஊசி ஓடினால்தான் அப்படிப் பொரியும். அப்படியென்றால் தடித்தது எங்கே? சாருடைய பொட்டலத்தில். மெல்லிய வரியில் அது உள்ளேயே இறங்காது. மேலேயே சறுக்கி, விளிம்பை எல்லாம் தேய்த்துவிடும்.

கம்பெனியில் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதுதான்: மேஜையில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாகம். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அதை மீறவில்லை. நேற்று மீறினேன். சார் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்த பதற்றத்தில், இரண்டு ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். சரிபார்த்தது ஒன்று, பொட்டலம் கட்டியது இன்னொன்று. மூன்று தடவை பார்த்து என்ன பிரயோஜனம்? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாருடைய நம்பருக்கு அடித்தேன், ரிங் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: பேச முடியாத மனுஷன் போனை எடுத்து என்ன செய்வார்? வாட்ஸ்அப்பில் 'போடாதீர்கள்' என்று அனுப்பினேன். ஒற்றை டிக், போய்ச் சேரவில்லை. அக்கா நம்பரை வாங்கவே இல்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். நேற்றைய காலண்டர் தாள்கள் கசங்கிக் கிடந்தன. ஒன்றில், பில்லுக்காக அவர் எழுதிக் கொடுத்த விலாசம் இருந்தது.

அலமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு மெல்லிய ஊசியை எடுத்து, கூசாமல் இன்னொரு தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியைக் கிளப்பினேன். சப்வேயில் ஒரு மீன் வண்டி குறுக்கே நின்று தொலைத்தது. மணி ஒன்பதரை. இட்லி என்றால் முடித்திருப்பார்கள். பூரி என்றால் இன்னும் சுட்டுக்கொண்டிருப்பார்கள். கடவுளே, பூரியாக இருக்கட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருந்தது. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. சார் பிளேயரின் கையைத் தூக்கிப் பிடித்து, தட்டுக்கு மேலே நிறுத்தியிருந்தார். "போடாதீங்க சார்!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சார் அந்தக் கையைச் சட்டென்று பழைய இடத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சார் முகத்தில் தெரிந்தது நிம்மதி. என்னுடையதைவிடப் பெரிய நிம்மதி.

"எட்டு மணிக்கே டிபன் முடிச்சாச்சு" என்றார் அக்கா. "ஒன்றரை மணி நேரமா தட்டைத் துடைக்கிறார், கையைத் தூக்குறார், வைக்கிறார். என்னன்னு கேட்டா மறுபடி துடைக்கிறார்." நான் ஊசியை மாற்றினேன். இனி பயமில்லை சார், போடலாம் என்றேன். அவர் போடவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, ரொம்ப நேரம் எழுதி, என்னிடம்தான் நீட்டினார்.

'கேட்காமல் இருக்க, ஊசி இல்லை என்பது எனக்கு நல்ல சாக்காக இருந்தது. நீங்கள் இரண்டு ஊசி கொடுத்துவிட்டீர்கள்.'

அக்கா எட்டி அதை வாங்கிப் படித்தார். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, சார் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "உங்களுக்கு வேணாம்னா வேணாம்" என்றார். சார் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, போடுங்கள் என்பது போலத் தலையை அசைத்தார்.

நான்தான் ஊசியை இறக்கினேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு மெதுவாக இறக்கியதில்லை. குழு பாடி முடித்ததும் ஒரு நொடி நிசப்தம், அப்புறம் ஒரு இளைஞன் தனியாகப் பாடினான். தெளிவான, கொஞ்சம் கர்வமான குரல். சார் கண்ணை மூடிக்கொண்டார்; கண்ணீர் நிற்காமல் ஓடியது. எனக்கும்தான், மறைப்பானேன். மேலே ஏறும் ஓர் இடத்தில் குரல் தாளத்தை முந்திக்கொண்டு ஓடியது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அன்னைக்கே சொன்னேன், அந்த இடத்துல அவசரப்படாதீங்கன்னு. கேட்டீங்களா?"

இப்போதெல்லாம் என் மேஜையில் ஒரு சமயத்தில் ஒரே ஓர் ஊசிதான் இருக்கும். படபடப்பு மட்டும் இன்னும் இரண்டு ஊசிக்குச் சேர்த்தே இருக்கிறது.