ஆண் முயலை மாற்றினேன்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆரணியில் எங்கள் வீட்டு மாடியில் முயல் வளர்த்தேன். கீழே அண்ணன் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பார். அந்த வேலைக்கு எனக்கு உடம்பு வணங்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிவிட்டு, தகரக் கூரை போட்டு, கம்பிக் கூண்டு அடித்து, ஐந்து பெண் முயலும் ஓர் ஆண் முயலும் வாங்கி வந்தேன். பெரிய பண்ணையார் என்ற நினைப்பு வேறு.

பங்குனி, சித்திரை, வைகாசி போயிற்று. ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. சேர்த்துவிட்ட இரண்டு வாரத்தில் வயிற்றை மெல்லத் தடவினால், சினை என்றால் கோலிக்குண்டுபோல் விரலில் உருளும். எனக்கு வெறும் வயிறுதான் அகப்பட்டது.

அண்ணிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. அம்மா கண்ணமங்கலத்து நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு வாங்கி வருவாள். அதை வெந்தயத்தோடு பொடித்து, பாலில் கலந்து அண்ணி குடிக்க வேண்டும். அதே பொடியை முயலுக்கும் கொடுத்தால் என்ன என்று என் மூளைக்குத்தான் தோன்றியது. அண்ணியிடமே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரே உரலில் இடித்து இரண்டு டப்பாவில் பிரித்துவைத்தார். முருங்கைக்கீரையில் தூவி முயல்களுக்கு வைத்ததும் அவர்தான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை என்பதை நினைத்தால் இப்போது முகம் சுடுகிறது.

இரண்டு மாதம் கொடுத்தும் பலனில்லை. ஒரு முயலைக் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். டாக்டர் கூரை என்ன கூரை என்று கேட்டார். பெண் முயல்களிடம் குறையில்லை, தகரச் சூட்டில் ஆண் முயலுக்குத்தான் விந்து கெட்டிருக்கும், வேறு ஆணைக் கொண்டுவா, கூரைமேல் ஓலை போடு என்றார். தேவிகாபுரத்தில் மரத்தடியில் முயல் வளர்த்தவரிடமிருந்து ஓர் ஆண் முயல் வாங்கிவந்து சேர்த்தேன். ஒரு மாதத்தில் மூன்று முயல்கள் குட்டி போட்டன.

தெருவே மாடியேறி வந்து பார்த்தது. எப்படிடா ஆச்சு என்று அம்மா கேட்டாள். பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். ஆண் முயலை மாற்றினேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பேச்சு அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஒருநாளும் டாக்டரிடம் போனதில்லை. போகச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை, எனக்கும்தான்.

"எல்லாம் அந்தப் பொடிதாம்மா" என்றேன்.

அம்மா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "முயலுக்கே புடிச்சிக்கிச்சு."

அண்ணி கூண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவருக்குப் பொடி இரண்டு வேளை ஆனது. குடித்துவிட்டுச் சில நாள் வாந்தி எடுப்பார். நான் மாடியில் குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டிருப்பேன். காது கேட்காதவன் மாதிரி. இரண்டு வருஷம் கழித்து அவரைச் சந்தவாசலில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டு அண்ணனுக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்தார்கள். புதிதாக வந்தவருக்கும் இன்றுவரை குழந்தையில்லை. அதைப் பற்றியும் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

பல வருஷம் கழித்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் அண்ணியைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். என் பிள்ளைகளை விசாரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பொடி விஷயத்தில் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"புதுசா வந்த ஆண் முயலுக்குத் தீனி வெச்சதே நான்தானே தம்பி. எனக்குத் தெரியாதா? நான் சொன்னா வாய்த்துடுக்குன்னுவாங்க. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு ரெண்டு வருசம் பார்த்துகினே இருந்தேன்."