வெள்ளைச் சட்டை

ரெஜினா டீச்சர் விளம்பரப் பாடம் நடத்தினால், பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கும் எனக்கே காது அங்கே போய்விடும். அன்று ஒரு சோப்புத்தூள் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். அழுக்குச் சட்டையோடு வரும் கணவனைப் பார்த்து மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறாள். பிறகு சட்டை வெளுத்ததும் அவனோடு கைகோத்துத் தெருவில் நடக்கிறாள்.

"மொதல்ல நமக்கு ஒரு வெக்கத்தை உண்டாக்குவான். அப்புறம் அதுக்கு மருந்துன்னு பாக்கெட்டை நீட்டுவான். அழுக்குல வேலை செய்யறவனுக்கு மரியாதை கெடையாதுன்னு வாயால சொல்லமாட்டான். நாமளே நெனச்சுக்கணும்," என்றார்.

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பர்மனெண்டா, கான்ட்ராக்டா என்றுதான் கேட்பார்கள். ரெஜினா, "அவரு மைன்ஸ்ல இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொண்டவர். பர்மனெண்ட் என்று மற்றவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். அவர் கணவர் சைமன்ராஜ் கான்ட்ராக்ட் ஆள் என்பது, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் அவர்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் எனக்குத் தெரியும். நான் மூச்சு விட்டதில்லை.

பாடம் முடிகிற நேரம் சைமன்ராஜ் அந்த வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர், ரெஜினா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்ததும் குளிக்காமலே ஓடி வந்திருக்கிறார். காது மடல்வரை கரி.

"யாரு மிஸ்?" என்றாள் ஒரு பெண்.

"எங்க வூட்டுல வேலை செய்யறவரு," என்றார் ரெஜினா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஸ்டாஃப் ரூமுக்குப் போனால், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

"அவரு காதுல வுழுந்துடுச்சுக்கா. 'வரேங்க டீச்சர்'னு சொல்லிட்டுப் போறாரு. எனக்கே என்னைப் பார்க்க அசிங்கமா இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்ற? அவருகிட்டப் போயி மன்னிப்புக் கேளு," என்றேன்.

கேட்டிருக்கிறார். "வுடு, புள்ளைங்க முன்னாடி வேற என்னாத்தைச் சொல்லுவ" என்று அவர் சிரித்தாராம். நாளைக்குச் சூடாகவே சாப்பாடு கொண்டுவருகிறேன் என்றும் சொன்னாராம்.

மறுநாள் மதியம் பள்ளி கேட்டுக்கு வந்தார். குளித்து, தலைவாரி, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். நானும் ரெஜினாவும் கேட்டுக்கு எதிர் வராந்தாவில் நின்றோம்.

"யாருங்க?" என்றார் வாட்ச்மேன் கொளஞ்சியப்பன்.

"ரெஜினா டீச்சர் வூட்டுல வேலை செய்யறவன்ங்க. இதைக் குடுத்துடுங்க."

குரலில் குத்தலே இல்லை. டீச்சருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற அக்கறைதான் இருந்தது. ரெஜினா கேட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவர் வண்டி திருப்பம் தாண்டிவிட்டது.

"அவரு என் வூட்டுக்காரருண்ணே," என்றார்.

"அப்படியா டீச்சர்? அவரு அப்படிச் சொல்லலியே."