கேசட்டை ஒழிக்க வந்த அட்டை

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தைரியம் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

கோடம்பாக்கத்தில், ஒலிப்பதிவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போவேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவருடைய வீடு. அவரிடமும் அவர் நண்பர்களிடமும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடக்கம். டிவியில் மாட்ட வேண்டும். விளையாட்டுகள் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டால் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு மெதுவாக ஏறும். முக்கால்வாசி ஏறியதும் நின்றுவிடும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ரெக்கார்டரில் டேப்பைப் படிக்கிற ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதை மயிரிழை திருப்பிவிடுவது என் பொறுப்பு. பிறகு மறுபடி முதலிலிருந்து.

இதற்கிடையில்தான் அவர்கள் சங்கம் என்று சொல்லிக்கொள்கிற கூட்டமே நடக்கும். காபி வரும். மெட்ரோவுக்காக மயிலாப்பூரில் எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், யாருக்கு ஆஞ்சியோ, இந்த மெஷின் உலகத்தை ஆளாமல் போனதற்கு யார் காரணம் என்று பேச்சு நீளும். நான் ரெக்கார்டர் பக்கத்திலேயே நிற்பேன். உட்காரச் சொல்வார்கள். நான்தான் உட்காருவதில்லை.

எனக்கு ஓர் ஆசை வந்தது. மெஷினின் முதுகில் செருகுகிற மாதிரி ஒரு சர்க்யூட் அட்டை. மெமரி கார்டில் இருக்கும் விளையாட்டை அது நொடியில் ஏற்றிவிடும். இதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால், திருகாணி திருப்புகிறவன் என்ற நிலை மாறி, அட்டை செய்தவன் என்று நானும் ஒரு நாற்காலியில் உட்காரலாம்.

கடை விட்டு வந்து மாதக்கணக்கில் வரைந்தேன். முதல் அட்டையில் இணைப்பு முனைகளைக் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாகப் போட்டுவிட்டேன். அது இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் ஆடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ச் செருகினேன். வீட்டுக்காரர் வழக்கம்போல உள்ளே பார்த்துக் காபிக்குக் குரல் கொடுத்தார். அவர் திரும்புவதற்குள் டிவியில் விளையாட்டு வந்து நின்றது.

எல்லோரும் டிவியையே பார்த்தார்கள். சமையலறையிலிருந்து வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள வந்துடுத்தா? இன்னும் டிகாக்‌ஷனே இறங்கலையே."

திரையில் ஒரு விண்கலம் காத்திருந்தது. அதை எந்த பட்டனால் நகர்த்துவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இத்தனை வருஷத்தில் இவர்கள் யாரும் விளையாடி நான் பார்த்ததே இல்லை. எப்போதாவது முழுதாக ஏறினால் முகப்புப் படத்துக்குக் கைதட்டிவிட்டுச் செருப்பு மாட்டப் போய்விடுவார்கள்.

சாந்தோம் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கீபோர்டை இழுத்து எதையோ அழுத்தினார். விண்கலம் சுவரில் மோதி வெடித்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வெடித்தது. விளையாட்டு முடிந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை.

"தம்பி, வேலை சுத்தமா இருக்கு, குறை சொல்லலை," என்றார் ஆசிரியர். "ஆனா இனிமே ஆறரை வரைக்கும் நாங்க என்னப்பா பண்றது?"

அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். கேசட் ஓடத் தொடங்கியது. கீச்சுச் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு நான் பழைய இடத்திலேயே நின்றேன்.

காபி வந்த பிறகு வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். அட்டையை எல்லோரும் மாட்டிக்கொள்ளத் தயாராம். கேசட் அளவுக்கு மெதுவாக ஏற்றுவதற்கு ஒரு சுவிட்ச் மட்டும் வேண்டுமாம். அந்தச் சத்தமும் வேண்டுமாம். முக்கால்வாசியில் நிற்கவும் வேண்டுமாம்.

"அப்படியே ஸ்க்ரூவும் ஒண்ணு வச்சிடு," என்றார். "இல்லேன்னா நீ வந்து என்ன பண்ணுவே?"

சரி சார் என்றேன். நாற்காலியை என் பக்கம் தள்ளினார்கள். நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் வரைபடத்தில் ஒரு சுவிட்சும் ஒரு திருகாணியும் சேர்த்தேன். திருகாணியை எதனோடும் இணைக்கவில்லை.