மாமாவுக்காக மச்சான் செய்த பயிற்சி

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு தேடிப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதில் நோயாளியை எழுந்து நிற்க வைப்பது சுலபம், சொந்தக்காரர்களைச் சும்மா உட்கார வைப்பதுதான் கஷ்டம். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிற உங்களுக்கு இது புரியும்.

மூச்சு வாங்கியது

குமராட்சி கலியபெருமாள் தையல்காரர். சிதம்பரத்தில் வாடகைக் கடை. பக்கவாதத்தில் இடது கையும் காலும் பலம் இழந்திருந்தன. ஆவணிக்குள் கடையைத் திறக்காவிட்டால் இடத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். கடைக்குப் போக மினி பஸ்ஸில் ஏற வேண்டும். போனால் மெஷினை மிதிக்க வேண்டும். காலும் வேண்டும், மூச்சும் தாங்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னேன். எழுந்தார், லேசாக மூச்சு வாங்கியது. அவர் மனைவி தனம் ஓடிவந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்குவது நல்லதுதான், தெம்பு அப்படித்தான் வரும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் சார். அவரு நல்லானதுக்கு அப்புறமா இதெல்லாம் செய்யட்டுமே."

வேண்டுதல்

அடுத்த முறை போனபோது, பயிற்சி தினமும் நடப்பதாகத் தனம் சொன்னார். காலில் அதற்கான அடையாளமே இல்லை. செய்து காட்டச் சொன்னேன். தனத்தின் தம்பி சேகர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கை ஊன்றாமல் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். குறையே சொல்ல முடியாது.

"மாமாவுக்குக் கஷ்டமா இருந்துச்சு சார். கோயில்ல அவருக்காக நான்தான் உருண்டேன். இதையும் நானே செஞ்சிடுறேன்னு அக்காகிட்ட சொன்னேன்" என்றார்.

கட்டிலில் படுத்தபடி கலியபெருமாள் சொன்னார்: "மச்சானுக்குக் காலு நல்லா ஆயிடுச்சு சார். கடைக்கு அனுப்பலாம்னா, அவனுக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாது."

வெறும் மெஷின்

சேகருக்கு வேறு வேலை கொடுத்தேன்: அக்காவைத் தடுப்பது. வீட்டிலிருந்த தையல் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கலியபெருமாளை மிதிக்கச் சொன்னேன். முதலில் சீக்கிரமே களைத்தார். போகப்போக, பேசிக்கொண்டே மிதித்தார்.

ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உடம்பு விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மா, துணியும் இல்லாமல் நூலும் இல்லாமல் அவர் மெஷினை மிதிப்பதைப் பார்த்துவிட்டுத் தனத்தின் காதில் கேட்டார்: "கைகாலுதான் விழுந்துடுச்சுன்னு சொன்னாங்க. புத்தியுமா?"

படிக்கட்டு

ஆவணி பிறப்பதற்குள் பஸ்ஸில் ஏறிப் பார்க்க முடிவு செய்தோம். கலியபெருமாள் காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் மேலிருந்து இழுக்க, பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள, நெல் மூட்டை மாதிரி உள்ளே போய்ச் சேர்ந்தார்.

"எறக்குங்க" என்றார்.

இறக்கினார்கள். சேகர் வாசலை மறித்துக்கொண்டு, "யாரும் தொடாதீங்க. மாமா ஏறட்டும்" என்றார். கலியபெருமாள் வலது கையால் கம்பியைப் பிடித்தார். வலது காலை வைத்தார். இடது கால் வர நேரமானது. தனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இடது காலும் மேலே வந்தது. மூச்சு வாங்க அவர் அங்கேயே நின்றதும், கண்டக்டர் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்: "படியில நிக்காம உள்ள போ பெருசு."

கடையைத் திறந்து அவர் பிடித்துத் தைத்த முதல் உருப்படி, இடுப்பு சிறுத்துப்போன சேகரின் தொளதொள பேன்ட்தான் என்பதால், உடற்பயிற்சி யார் செய்தாலும் பலன் தரும், செய்தவருக்கு மட்டும் தரும் என்று தைரியமாகச் சொல்கிறேன்.