தேதிச்சீட்டில் பதினான்கு பேர்

1. ஆய்வுக்கு முந்தின நாள்

"நாளைக்கு ஆய்வுக்கு வாறாங்களாம் சரோஜம். கொஞ்சம் சீல் குத்தி வை" என்று சுகுமாரன் அண்ணன் சொன்னபோது காலை பத்து மணி. அவர் எங்கள் நூலகத்தின் செயலாளர். நான் லைப்ரேரியன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள ஒரு கிராம நூலகம் எங்களுடையது. அங்கே இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் ஒருவர் விடாமல் என்னை நேர்மையானவள் என்றார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடமும் யாராவது அப்படிச் சொல்லக்கூடும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நூலகத்தில் மலையாளத்துக்கு ஒன்பது அலமாரி, தமிழுக்கு ஒன்று. அதற்கு முந்தின வருட ஆய்வுக்கு வந்த அதிகாரி தமிழ் அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச்சீட்டைப் பார்த்தார். ஒருவர் புத்தகம் எடுக்கும்போது அந்தச் சீட்டில் தேதி சீல் குத்தி, பக்கத்தில் மெம்பர் நம்பர் எழுதுவோம். இஷ்யூ ரிஜிஸ்டரிலும் அதையே பதிவோம். சீட்டு வெள்ளையாக இருந்தால் அந்தப் புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை என்று அர்த்தம்.

"இது ஆரெங்கிலும் எடுக்குன்னுண்டோ சேச்சி?" என்று கேட்டார். யாராவது எடுக்கிறார்களா என்றால், எடுக்கவில்லை. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் எல்லாவற்றையும் கட்டி உள்ளே வைத்துவிட்டு, அந்த இடத்தில் அரசுத் தேர்வு கைடுகளை அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லா இடத்திலயும் செய்யதாக்கும்" என்றார் சுகுமாரன் அண்ணன். "அலமாரி ஒருக்கா உள்ள போச்சுன்னா பின்ன வெளிய வராது பாத்துக்கோ."

தமிழ் அலமாரியைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதை இப்போதும் சொல்லிக்கொள்ள முடியும், சொல்லி என்ன பிரயோஜனம். பழைய இங்க் பேடு ஒன்று, புதிது ஒன்று என்று மாற்றி மாற்றிக் குத்தினேன், ஒரே நாளில் குத்தியது தெரியக்கூடாது என்று. நூலகப் பக்கமே வராத மெம்பர்களின் நம்பர்களாகப் பார்த்து எழுதினேன். வராதவர்கள் கேட்கவும் வரமாட்டார்கள் அல்லவா. இஷ்யூ ரிஜிஸ்டரில் விட்டிருந்த வெற்று வரிகளிலும் அவர்கள் பெயர்களை நிரப்பினேன். மத்தியானச் சோறு சாப்பிடுவதற்குள் நாற்பது புத்தகங்களுக்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள்.

அதிகம் சீல் வாங்கியது 'கழுவி உலர்த்தியது' என்ற ஒல்லியான கவிதைத் தொகுப்பு. பதினான்கு. உள்ளூர்க்காரி எழுதியது, அதிகாரி கட்டாயம் அதை எடுத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படியே எடுத்துப் பார்த்தார். "நல்ல டிமாண்ட் ஆணல்லோ" என்று பாராட்டவும் செய்தார். அலமாரி தப்பித்தது.

2. லில்லிபாய்

அந்தப் புத்தகத்தை எழுதியவள் லில்லிபாய். பஞ்சாயத்து சார்பில் பச்சை ஓவர்கோட் போட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிப் போகும் பெண்களில் ஒருத்தி. பால்கவர், மாத்திரை அட்டை, மிக்சர் பாக்கெட், எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். நனைந்திருந்தால் வாங்கமாட்டாள். எங்கள் நூலகத்துக்கும் அவள்தான் வருவாள்.

சொந்தச் செலவில் மார்த்தாண்டத்தில் ஒரு பிரஸ்ஸில் நூறு பிரதி அச்சடித்தாள். எங்கள் நூலகத்தில்தான் வெளியீட்டு விழா. மேடையில் ஒன்பது பேர், கீழே பதினெட்டுப் பேர். எல்லோரும் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். குப்பை எடுக்கும் கையில் பேனா என்று ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னார்கள். அவள் எழுதிய ஒரு வரியை ஒருவரும் சொல்லவில்லை. நானும் வாழ்த்துரை வழங்கினேன். மண்ணின் குரல் என்றேன். எந்த மண், என்ன குரல் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது ஏழு பிரதிகள் நாற்காலிகளின் மேலேயே கிடந்தன. அதில் ஒன்றைத்தான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி அலமாரியில் வைத்தேன்.

ஆய்வு முடிந்த மாதம் அவள் பிளாஸ்டிக் வாங்க வந்தாள். நான் பின்னறையிலிருந்து சாக்கை எடுத்து வருவதற்குள் அலமாரியைத் திறந்து, தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பதினாலு பேரு எடுத்திட்டுண்டு."

"ஆமா" என்றேன்.

"நீங்க சொல்லவே இல்லியே."

"உனக்கு ஒரு சர்ப்ரைசா இருக்கட்டும்னுதான்" என்றேன். வாய் கூசவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சீட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இன்னொரு நோட்டில் எழுதி வைத்திருப்பதாகவும், யார் வாசிக்கப் போகிறார்கள் என்று மூடிப் போட்டிருந்ததாகவும், இனி அதையும் அச்சடிக்கலாம் என்றும் சொன்னாள். ஆட்கள் யார் யார் என்று கேட்டாள். வாசகர் பெயரைச் சொல்லக்கூடாது, அது சட்டம் என்றேன். அப்படியொரு சட்டம் எங்கள் நூலகத்தில் இருந்ததே இல்லை.

அப்போது சுகுமாரன் அண்ணன் வெளியிலிருந்து கூப்பிட்டார். போய்விட்டு வந்தேன். இஷ்யூ ரிஜிஸ்டர் மேசைமேல் திறந்து கிடந்ததைப் பற்றி எனக்கு ஓர்மையே இல்லை.

3. பதினான்கு வீடுகள்

ரிஜிஸ்டரில் பெயர்களைப் பார்த்துவிட்டு வாசகர்களை வீட்டுக்கே போய்க் கேட்பதை வேறு எழுத்தாளர் யாராவது செய்திருப்பார்களா, தெரியாது. அவளுக்கு அது சாதாரணம். அந்தப் பதினான்கு வீட்டுக்கும் அவள் எப்படியும் போகவேண்டியவள்தான். வாசலில் நின்று பையை வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அடுத்த மாதம் வந்தாள். சாக்கைக் கேட்கவில்லை. மேசைக்கு எதிரில் நின்றாள்.

"ஒம்பது வீட்டுல கேட்டேன் அக்கா. ஒருத்தரு நான் மெம்பரே இல்லியேன்னு சொன்னாரு. ஒரு வீட்டுல, ஆமா வாசிச்சேன், கத நல்லாருந்துன்னு சொன்னாவ. கத எங்க இருக்கு அதுல?"

மேசைமேல் இருந்த ரிஜிஸ்டரை இழுத்து மூடினேன்.

"பத்தாவதா பாஸ்கரன் சாருக்க வீட்டுல கேட்டேன்."

பாஸ்கரன் சார் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, வீட்டில் மனைவி வசந்தா மட்டும்தான். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான். ஆனால் மெம்பர் லிஸ்டில் அவர் பெயரை அடித்து நீக்கவில்லை. வராதவர்களின் நம்பர்களைத் தேடியபோது, அந்த நம்பரும் கையில் வந்தது. எழுதிவிட்டேன்.

"சாருக்க நம்பர்ல வசந்தா அக்காதான் எடுத்திருப்பாவன்னு நெனச்சேன். பதினாலு பேருல எனக்கு அவியதான் முக்கியம். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்க கவிதைய வாசிச்சியளா அக்கான்னு சிரிச்சிட்டே கேட்டேன். எந்தக் கவிதன்னு கேட்டாவ. சாருக்க நம்பர்ல எடுத்திட்டுண்டே, சீல் இருக்கேன்னு தேதியச் சொன்னேன். சாரு செத்தது எப்பம்னு தெரியுமா உனக்குன்னு என்கிட்ட கேட்டாவ."

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. ஒரு வீட்டில் கவர் நனைந்திருந்தது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"பின்ன, என்ன எழுதியிருக்கன்னு காட்டச் சொன்னாவ. பையில ஒண்ணு வச்சிருந்தேன். காட்டாம வர முடியுமா? வாசல்ல நின்னே வாசிச்சாவ. நீ எண்ணினியான்னு மட்டும் கேட்டாவ. உள்ள போயிட்டாவ. மிச்ச நாலு வீட்டுல நான் கேக்கல்ல."

நான் சாக்கை எடுக்க எழுந்தேன்.

"நீங்க வாசிச்சியளா அக்கா?"

வாசித்தேன் என்றேன். இத்தனைக்கும் பிறகும் அதைச் சொன்னேன்.

"எண்ணினது என்னத்தன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சாக்கைத் தானே பின்னறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

4. முப்பத்தேழாம் பக்கம்

அன்று மத்தியானமே அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். நாற்பத்தாறு பக்கம். வெட்கமும் கோபமுமாக வாசிக்கத் தொடங்கியவள், பத்துப் பக்கம் தாண்டியதும் அவற்றை மறந்துபோனேன். மாத்திரை அட்டைகளை மிக்சர் பாக்கெட்டுக்குள் ஒளித்துக் கொடுக்கும் மருமகளைப் பற்றி ஒன்று. தன் வீட்டுப் பிளாஸ்டிக்கைத் தானே தன்னிடம் ஒப்படைப்பதைப் பற்றி ஒன்று. இருபத்தாறு வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுச் சாக்கில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

முப்பத்தேழாம் பக்கத்தில் இது இருந்தது.

மாதம் அறுபது பால்கவர் தரும் வீடு
இம்முறை முப்பதுதான் தந்தது.
ஏனென்று நான் கேட்கவில்லை.
கழுவிக் கொடியில் மாட்டியிருந்தாள்,
இப்போதும் இரண்டு வரிசையாக.

கேட்கவில்லை என்று எழுதியவளைக் கேட்கவைத்தவள் நான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். யாரும் புத்தகம் எடுக்க வராததால் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவள் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் அந்த ஐந்து வரியையும் பார்க்காமல் சொன்னேன். இவ்வளவு நல்ல கவிதையை இந்த அலமாரியில் நான் கண்டதில்லை என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். மன்னித்துக்கொள் மக்கா என்றும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டாள். பிறகு, "சீல் குத்தியாச்சா அக்கா?" என்று கேட்டாள்.

வசந்தா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"பைய கேட்டுல கெட்டி வச்சிருப்பாவ. ஆளக் காணதில்ல. கவரு எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா திணிச்சு வச்சிருப்பாவ, எண்ண முடியாதபடி."

"அந்த இன்னொரு நோட்டு?"

"அது பிளாஸ்டிக் இல்லியே. பழைய தாளுகளோட போட்டுக் கெட்டி அனுப்பியாச்சு" என்றாள். சாக்கின் வாயைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இப்போது என் நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வது இதுதான். யாரும் எடுக்காத புத்தகத்தின் சீட்டை வெள்ளையாகவே விட்டுவிடு. எழுதியவர் வந்து பார்த்து நொந்தால் நோகட்டும், அதில் பொய் இல்லை. சொந்தக் காசில் ஒருவர் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தால், அலமாரியில் வைக்கும் முன் நீ ஒருமுறை வாசித்துவிடு. நாற்பது பக்கத்துக்கு ஒரு மத்தியானம் போதும்.

ஓய்வு பெறும் நாளன்று அந்தப் புத்தகத்தை என் சொந்த நம்பரில் எடுத்து, வீட்டில் வைத்து மறுபடியும் வாசித்து, தேதிக்குள் திருப்பிக் கொடுத்தேன். தமிழ் அலமாரி இன்னும் இருக்கிறது. போனால் எடுத்துப் பாருங்கள். தேதிச்சீட்டில் பதினைந்து சீல் இருக்கும். கடைசி ஒன்றுதான் உண்மை. பார்த்தால் மற்றதைப்போலவேதான் இருக்கும்.