இல்லாத காய்ச்சல்

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். தடுப்பூசி என்பது செய்தியில் மட்டும்தான் இருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியை முடக்கி, வாசலில் பொலிஸை நிறுத்தியிருந்தார்கள். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தரம் பாஸ் காட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். அவருக்குக் கொரோனா தொற்றினால் ஆள் தப்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எங்கள் மாடியில் யாருக்காவது கடைசி நேரம் என்றால், செபமாலை சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடப் பழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்?

ஒரு பின்னேரம் எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். அவளுடைய தாய் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தவர்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஃபாதரையும் உள்ளுக்கு விடமாட்டாங்களாம். நீங்க வந்து செபமாலை சொல்லுங்களேன்."

அந்தச் சின்ன வீட்டில் ஏழு பேர். ஒருவர் துறைமுகத்தில் வேலை. யாரிடம் என்ன இருக்கிறதோ! போகவும் பயம், மாட்டேன் என்று சொல்லவும் வெட்கம். யோசித்து முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"எனக்குக் காலையில இருந்து காய்ச்சல் மாதிரி இருக்கு தங்கச்சி."

மடைச்சி! அந்த நாட்களில் யாராவது வாய்திறந்து காய்ச்சல் என்று சொல்வார்களா? யாராவது ஒரு போன் எடுத்தால் போதும், பஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு இவருடைய சிகிச்சை? அவள் போன பிறகு, கீழே வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. திறந்தால், தரையில் ஒரு ஃபிளாஸ்க். கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் தன் வாசலுக்குத் தள்ளிப்போய் நின்றாள்.

"சூடாக் குடிங்க அக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பயப்படாதீங்க."

அவளுக்குப் பின்னால், உள்ளே பிள்ளைகள் தட்டுத்தடுமாறிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐயோ, கூசிப்போய்விட்டேன். மறுநாள் காலையில் அந்தத் தாய் கண்ணை மூடிவிட்டார்.

பல மாதங்கள் கழித்து, மனம் பொறுக்காமல், படிக்கட்டில் அவளை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உங்கட வீட்டு அண்ணாவுக்காகப் பயம் எண்டு சொல்லியிருந்தா, நானே உங்கள வரவேண்டாமெண்டிருப்பன் அக்கா. உங்கட வாசல்லயே நிண்டு செபமாலை சொல்லியிருக்கலாமே. அம்மாவுக்குக் கேட்டிருக்கும்."

அன்று வீட்டோடு இருந்ததற்காக நான் வருந்தவில்லை. என் கணவர் இன்றும் என்னோடு இருக்கிறார். ஆனால் பயமாயிருக்கிறது என்ற ஒரு சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு, நாலு எட்டுத் தூரத்தில் கிடந்த ஒரு தாயை என் செபம் கேட்காமலே போகவிட்டேன் என்பது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.