மணியண்ணை கடைப் பெட்டிகளும் என் கப்பல் பங்குகளும்

நேற்று இந்தப் பிரெஞ்சு நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான ரூ லூயி-பிளாங்கில் ஒரு டெலிபோன் கடை வாசலில் யாரோ பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் ‘கிர்ர்ர்’ சத்தம் கேட்டதுமே தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விட்டேன். மற்றவர்களுக்குப் பங்குச்சந்தை என்றால் திரையில் ஓடும் எண்கள். எனக்கு அது டேப்பின் பசை வாசம்.

சண்டை முடிந்து, ஊருக்குப் பாதை திறந்த காலம். அதே இடத்தில் மணியண்ணை கார்கோ கடை வைத்திருந்தார். ஊருக்குக் கப்பலில் போகும் பெட்டிகள் நடைபாதை வரை அடுக்கிக் கிடக்கும். சீலை, சொக்கிளேற், சவர்க்காரம். ஒருவர் குளியலறைத் தொட்டியே அனுப்பினார்.

“கப்பலிலை இடமே இல்லையடாப்பா” என்று மணியண்ணை சலித்துக்கொண்டார்.

அந்தச் சலிப்பில் எனக்கு உலகப் பொருளாதாரம் பிடிபட்டுவிட்டது. சிரிக்காதீர்கள். வரவேற்பறை சோபாவில் படுத்துக்கொண்டு “எப்ப பப்பா என்ர ரூம்?” என்று நச்சரித்த மகளுக்காக, புறநகரான எபினேயில் வீடு வாங்கச் சேர்த்த முற்பணம் இருந்தது. அதை அப்படியே ஒரு கப்பல் கம்பனியின் பங்குகளில் போட்டேன். உலகமெங்கும் கப்பல்கள் சரக்கில்லாமல் சும்மா நிற்கின்றன என்று வங்கிப் பெண் எச்சரித்தாள். பாவம், மணியண்ணை கடையிருக்கும் லா சப்பல் பக்கம் வந்திருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. வேலை முடிந்ததும் மணியண்ணை கடைக்கு ஓடிப்போய்ப் பெட்டிகளை எண்ணுவேன். கூடியிருந்தால் அன்று சோறு இறங்கும்.

“என்ன ஐசே, ஒரு பெட்டியும் அனுப்பிறேல்லை, நெடுக வந்து கணக்கெடுக்கிறீர்? சுங்கத்திலை வேலையோ?” என்று ஒருநாள் மணியண்ணை கேட்டார்.

ஓர் ஆகஸ்டில் போனால் கடை பூட்டு. நடைபாதையில் ஒரு பெட்டி இல்லை. உலகக் கப்பல் வணிகமே கவிழ்ந்துவிட்டது! நின்ற இடத்திலிருந்தே வங்கிக்குப் போன் அடித்து, வந்த விலைக்கு விற்கச் சொன்னேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசன் நல்லூர்த் திருவிழாவுக்கெல்லே போனது! கதவிலை ஒட்டியிருக்குமே?” என்றாள் மனைவி.

ஒட்டியிருந்ததுதான். கோர்ட் நோட்டீஸ் என்று பயந்து நான் கிட்டப் போகவில்லை.

கொரோனா காலத்தில் கப்பல் பங்குகள் ஏறிய ஏற்றத்தைச் செய்தியில் காட்டினார்கள். மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

மணியண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். நாங்கள் வில்லியே லே பெல் புறநகரில் இன்னும் வாடகைக்குத்தான். மகள் அந்த சோபாவிலேயே படித்து முடித்து, வேலை கிடைத்து தூரத்து லியோன் நகருக்குப் போய்விட்டாள். போன மாதம் ஒரு வங்கிக்காரன் தானாகவே அழைத்து, வீட்டுக்கடன் தருகிறேன் என்றான். எத்தனை அறை வேண்டும் என்று கேட்டான். நான் அந்தக் காலி சோபாவைத் திரும்பிப் பார்த்தேன்.